தாது நரம்பில் ஒட்டிவந்த அணுக்கள் என்ன சொல்கின்றன?

1885-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் அருகே இருந்த ஹிம்மல்ஸ்ஃபூர்ஸ்ட் வெள்ளிச் சுரங்கத்தில் அதுவரை யாரும் பார்த்திராத ஒரு கனிமம் கிடைத்தது. ஆர்ஜிரோடைட் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை கிளெமென்ஸ் விங்க்லர் என்ற வேதியியலாளரிடம் வந்தது. வெள்ளி இவ்வளவு, கந்தகம் இவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எடைபோட்டுக் கூட்டினார். 93, 94 சதவீதத்தைத் தாண்டவில்லை. எத்தனை முறை திரும்பச் செய்தாலும் ஏறக்குறைய 7 சதவீதம் துண்டு விழுந்தது. கை தவறு என்று விட்டுவிடாமல் அந்த 7 சதவீதத்தைத் துரத்தினார். 1886 பிப்ரவரியில் அதைப் பிடித்தும்விட்டார். அதுதான் ஜெர்மானியம்.

அதே ஊரில் 23 ஆண்டுகளுக்கு முன்பே இன்னொரு தனிமம் பிடிபட்டிருந்தது. 1863-இல் ஃபெர்டினாண்ட் ரைக், தியோடர் ரிக்டர் இருவரும் அங்கே கிடைத்த துத்தநாகத் தாதுவில் தாலியம் இருக்கிறதா என்று தேடினார்கள். தாலியம் இருந்தால் நிறமாலையில் பச்சைக் கோடு தெரிய வேண்டும். ரைக்குக்கு நிறக்குருடு, அதனால் கருவியில் கண் வைத்தவர் ரிக்டர். பச்சைக் கோட்டுக்குப் பதில் அவர் கண்ணில் பட்டது கருநீலக் கோடு. இண்டிகோ நீலத்தின் பெயரிலேயே அதை இண்டியம் என்று அழைத்தார்கள். 1875-இல் பைரனீஸ் மலையின் பியர்ஃபிட் சுரங்கத்துத் துத்தநாகத் தாதுவிலிருந்து லெகாக் த புவாபோதிரான் காலியத்தைக் கண்டுபிடித்தார்.

இண்டியமும் காலியமும் முதலில் தெரியவந்த அந்தத் தாதுவின் பெயர் ஸ்பேலரைட். துத்தநாகமும் கந்தகமும் சேர்ந்தது. ஜெர்மானியம் வேறொரு கனிமத்தில் கண்டுபிடிக்கப்பட்டாலும், அதுவும் பெருமளவில் வாசம் செய்வது இதே ஸ்பேலரைட்டில்தான். ஒரே கனிமத்துக்குள் மூன்று அரிய தனிமங்கள் ஒதுங்கியது தற்செயல் இல்லை. எந்த அணு எந்தக் கனிமத்துக்குள் நுழையும், எவ்வளவு நுழையும் என்பதற்கெல்லாம் காரணம் உண்டு. அந்தக் காரணம் தெரிந்தால், மண்ணுக்கடியில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடிய ஒரு வெந்நீர் எவ்வளவு சூடாக இருந்தது, எங்கிருந்து வந்தது, எதைச் சுமந்து வந்தது என்று கல்லிடமே கேட்கலாம். காரணம் தெரியாமல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினால் கல் நம்மை நன்றாக ஏமாற்றிவிடும். இரண்டுமே இந்தத் துறையில் நடந்திருக்கின்றன.

முதலில், நரம்பு என்பது என்ன? இலையில் நரம்பு ஓடுவதுபோல பாறையில் ஓடும் வெடிப்புகள் பின்னர் கனிமங்களால் நிரம்பியவைதான் தாது நரம்புகள். நிரப்பியது வெந்நீர். சாதாரண வெந்நீர் இல்லை. உப்பு கரைந்தது, 100 டிகிரி செல்சியஸிலிருந்து 500, 600 டிகிரி வரை சூடானது, ஆழத்தின் அழுத்தத்தில் அடங்கிக் கிடப்பது. அது பாறைகளின் ஊடே போகும்போது துத்தநாகம், ஈயம், செம்பு, தங்கம் என்று கிடைத்ததைக் கரைத்துக்கொள்கிறது. சூடு தணியும்போதோ, கொதிக்கும்போதோ, வேறொரு நீரோடு கலக்கும்போதோ, சுமந்ததை இறக்கி வைக்கிறது. நமக்கு வேண்டிய உலோகம் உள்ளதைத் தாதுக்கனிமம் என்கிறோம். கூடவே வந்து உட்காரும் குவார்ட்ஸ், கால்சைட், ஃப்ளோரைட், பாரைட் போன்றவற்றைத் தாதுக்கூளம் என்று ஒதுக்குகிறோம். சுரங்கக்காரருக்கு அது கூளம்தான். ஆனால் நரம்பின் கதையைப் படிக்க வருபவருக்கு அந்தக் கூளம் சில சமயம் தாதுவைவிட அதிகம் சொல்லும்.

ஒரு நரம்பைக் குறுக்கே அறுத்து மெருகேற்றிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். பாறைச் சுவரை ஒட்டி வெண்மையான குவார்ட்ஸ், நம் ஊர்ப்பேச்சில் வெங்கச்சங்கல். அதன்மேல் கரிய ஸ்பேலரைட் ஒரு பட்டை. அதற்கு உள்ளே அதே ஸ்பேலரைட் தேன் நிறத்துக்கு மாறியிருக்கும். அப்புறம் ஊதா ஃப்ளோரைட். நடுவில் கடைசியாக வந்த கால்சைட். இப்படி அடுக்குகளாக வளர்ந்த நரம்பில் சுவரிலிருந்து மையத்தை நோக்கி விரலை நகர்த்தினால், காலத்தில் முன்னோக்கிப் போகிறோம். கரிய ஸ்பேலரைட்டுக்கும் தேன் நிற ஸ்பேலரைட்டுக்கும் முக்கிய வித்தியாசம் பெரும்பாலும் இரும்பு. அது நிறையப் புகுந்திருந்தால் கறுப்பு, குறைந்தால் தேன். அதாவது அந்த வெந்நீர் இடையில் மாறியிருக்கிறது என்பதை எந்தக் கருவியும் இல்லாமலே படித்துவிடுகிறோம். இரும்பு சதவீதக் கணக்கில் இருப்பதால் கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில், பத்து லட்சத்தில் சில பங்கு என்ற கணக்கில் இருப்பவைதான் சுவடுத் தனிமங்கள். இந்த அளவை பிபிஎம் என்பார்கள். வழக்கமாக 1,000 பிபிஎம்முக்கு, அதாவது 0.1 சதவீதத்துக்குக் கீழே இருப்பதைச் சுவடு என்று சொல்வது வழக்கம்.

சரி, ஒரு அந்நிய அணு படிகத்துக்குள் எப்படி நுழைகிறது? விக்டர் கோல்ட்ஷ்மிட் 1920-களில் வகுத்த விதி இன்றும் முதல் படியாக உதவுகிறது. அளவு ஒத்துப்போக வேண்டும், மின்சுமை ஒத்துப்போக வேண்டும். ஆரம் ஏறத்தாழ 15 சதவீதத்துக்குள் பொருந்தினால் இடம் எளிதாகக் கிடைக்கும். ஸ்பேலரைட்டில் துத்தநாக அயனியின் ஆரம் 0.60 ஆங்ஸ்ட்ராம் (ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம்). இரும்புக்கு 0.63, சுமையும் அதே இரண்டு. அதனால் இரும்பு தாராளமாக நுழைகிறது. கேட்மியத்துக்கு 0.78, கொஞ்சம் பெரிது, ஆனால் சுமை ஒன்றே, கந்தகத்தோடு பிணைவதிலும் துத்தநாகத்தின் சொந்தக்காரன் போலவே நடக்கும். அதனால் கேட்மியம் இல்லாத ஸ்பேலரைட்டைப் பார்ப்பதே அரிது. பெரும்பாலும் ஆயிரம், சில ஆயிரம் பிபிஎம் இருக்கும். இண்டியத்துக்கு ஆரம் 0.62, அளவு கச்சிதம். ஆனால் சுமை மூன்று. கணக்கு இடிக்கிறது. அதைச் சரிக்கட்ட, ஒற்றைச் சுமை கொண்ட ஒரு செம்பு அணுவைத் துணைக்குக் கூட்டி வருகிறது. இரண்டு துத்தநாகத்தின் இடத்தில் ஒரு இண்டியம், ஒரு செம்பு. மூன்றும் ஒன்றும் நான்கு, கணக்கு நேராகிவிட்டது. ஜெர்மானியமும் செம்பையோ வெள்ளியையோ துணைக்கு வைத்துக்கொண்டுதான் பெரும்பாலும் உள்ளே வருகிறது. ஈயத் தாதுவான கலீனாவில் வெள்ளி நுழைவதும் இதே ஏற்பாடு. அங்கே துணை பிஸ்மத் அல்லது ஆன்டிமனி. வெள்ளிக்காகவே ஈயச் சுரங்கங்களைத் தோண்டியதன் வேதியியல் இந்தத் துணையில் இருக்கிறது.

இந்த ஏற்பாடுகள் எல்லாம் சூட்டைப் பொறுத்தவை. சூடு கூடினால் படிகம் அந்நியர்களிடம் தாராளம் காட்டும் என்பது பொதுவான போக்கு. ஆனால் ஸ்பேலரைட்டில் எல்லாத் தனிமமும் ஒரே பக்கம் சாய்வதில்லை. இரும்பு, மாங்கனீஸ், இண்டியம் சூடான நரம்புகளில் கூடும். காலியமும் ஜெர்மானியமும் நேர்மாறாக, 100, 150 டிகிரி அளவிலான மிதமான நீரில் வளர்ந்த ஸ்பேலரைட்டில் கூடுதலாக இருக்கும். சுண்ணாம்புப் பாறைகளில் கிடக்கும் தேன் நிறத் துத்தநாகப் படிவுகள் ஜெர்மானியத்துக்குப் பேர்போனதும், வெள்ளீயத்தோடு சேர்ந்த சூடான நரம்புகள் இண்டியத்துக்குப் பேர்போனதும் இதனால்தான். இந்த ஐந்து தனிமங்களையும் ஒரே சமன்பாட்டில் சேர்த்து, பல படிவுகளின் அளவீடுகளை வைத்து ஒரு வெப்பமானியை 2016-இல் ஃப்ரென்ஸலும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்டார்கள்.

வெப்பமானி என்றதும் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். 1953-இல் குன்னர் குல்லெருட் ஆய்வகத்தில் இரும்பு சல்ஃபைடையும் துத்தநாக சல்ஃபைடையும் சேர்த்துச் சூடாக்கி, ஸ்பேலரைட் எவ்வளவு இரும்பை ஏற்கிறது என்று அளந்தார். சூடு ஏற ஏற இரும்பு ஏறியது. அப்படியானால் இரும்பை அளந்தால் சூடு தெரிந்துவிடுமே! எளிமையான, அழகான யோசனை. ஆனால் 1966-இல் பார்ட்டனும் டூல்மினும் காட்டியது வேறு: ஸ்பேலரைட் ஏற்கும் இரும்பின் அளவைச் சூடு மட்டும் தீர்மானிப்பதில்லை, சுற்றிலும் கந்தகம் எவ்வளவு வீரியமாக இருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது. கந்தகம் மிகுந்திருந்தால் இரும்பு ஸ்பேலரைட்டுக்குள் போவதைவிட்டுத் தனியாகப் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமமாக உட்கார்ந்துவிடும். ஒரே சூட்டில் வளர்ந்த இரண்டு கற்களில் ஒன்று கறுப்பாகவும் மற்றது தேனாகவும் இருக்க முடியும். வெப்பமானி என்று நம்பியது பாதி கந்தகமானியாக இருந்தது. குல்லெருட்டின் அளவீடு பிழையில்லை. அதை எங்கே பொருத்தலாம் என்பதில்தான் சிக்கல். என் பார்வையில் இந்தத் துறையில் நுழைகிற எவரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது. கனிமத்துக்குள் இருக்கும் ஒரு எண்ணைத் தீர்மானிக்கக் குறைந்தது மூன்று கைகள் போட்டி போடுகின்றன: நீரில் அந்தத் தனிமம் எவ்வளவு இருந்தது, படிகத்துக்கு அதை ஏற்க எவ்வளவு விருப்பம், படிகம் எவ்வளவு வேகமாக வளர்ந்தது.

குவார்ட்ஸுக்கும் இது பொருந்தும். சிலிக்கானின் இடம் மிகச் சிறியது, ஆரம் 0.26 தான். டைட்டானியத்துக்கு 0.42. சுமை நான்கு என்று ஒத்துப்போனாலும் இடம் போதாது. சூடு கூடும்போதுதான் நெருக்கியடித்து நுழைய முடிகிறது. அதனால் 500 டிகிரிக்கு மேல் வளர்ந்த குவார்ட்ஸில் பத்து, நூறு பிபிஎம் கணக்கில் டைட்டானியம் இருக்க, நிலப்பரப்பை ஒட்டி 200, 250 டிகிரியில் வளர்ந்த நரம்புக் குவார்ட்ஸில் மூன்று பிபிஎம்கூடத் தேறுவதில்லை. 2006-இல் வார்க்கும் வாட்சனும் இதை ஒரு வெப்பமானியாக வகுத்தார்கள். பின்னர் அழுத்தத்தின் பங்கும் அதில் சேர்க்கப்பட்டது. அலுமினியம் வேறு மாதிரி. அது சிலிக்கானின் இடத்தில் உட்காரும்போது ஒரு சுமை குறைகிறது. அந்தக் குறையை லித்தியமோ, ஹைட்ரஜனோ, சோடியமோ பக்கத்து இடுக்கில் அமர்ந்து ஈடுசெய்கிறது. நீர் அமிலத்தன்மை கூடியதாக இருந்தால் அதில் அலுமினியம் அதிகம் கரையும், குவார்ட்ஸுக்குள்ளும் அதிகம் போகும். நிலப்பரப்பை ஒட்டிய தங்க நரம்புகளில் ஒரே குவார்ட்ஸ் படிகத்துக்குள் அலுமினியம் சில பத்துகளிலிருந்து ஆயிரங்களுக்குத் தாவுவதைப் பார்க்கலாம். வெறும் கண்ணுக்கு அந்தப் படிகம் பளிங்குபோல ஒரே சீராகத்தான் தெரியும். எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி அது உமிழும் ஒளியைப் பார்த்தால், மரத்தின் வளையங்கள்போல நூற்றுக்கணக்கான கோடுகள் எழும்பி வரும். ஒவ்வொரு கோடும் அந்த வெந்நீரின் ஒரு மனமாற்றம்.

கூளம் என்று ஒதுக்கப்பட்டவற்றில் எனக்கு மிகப் பிடித்தது ஃப்ளோரைட். கால்சியமும் ஃப்ளோரினும் சேர்ந்த இந்தக் கனிமத்தில் கால்சியத்தின் இடத்துக்கு அருமண் தனிமங்கள் எளிதில் வந்து உட்காரும். லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையான இந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் சுமை மூன்று, அளவு மட்டும் வரிசையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஆகவே குடும்பமாகவே நடமாடுவார்கள். கல்லில் ஒவ்வொருவரும் எத்தனை பிபிஎம் இருக்கிறார் என்பதை விண்கற்களில் இருக்கும் பிபிஎம்மால் வகுத்து வரைந்தால் சீரான ஒரு கோடு வரவேண்டும். அதில் யாராவது ஒருவர் மட்டும் பள்ளத்திலோ மேட்டிலோ நின்றால், அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

அப்படி அடிக்கடி விலகி நிற்பவர் யூரோப்பியம். சூடான, ஆக்சிஜன் குறைந்த நீரில், சுமார் 200, 250 டிகிரிக்கு மேல், யூரோப்பியம் தன் மூன்றாம் சுமையை விட்டு இரண்டுக்கு இறங்கிவிடும். இறங்கியதும் அதன் உடம்பு பெருத்துவிடுகிறது, ஆரம் 1.07-இலிருந்து 1.25-க்கு ஏறுகிறது. ஃப்ளோரைட்டில் கால்சியத்தின் இடம் 1.12. அதனால் மற்ற அருமண்கள் உள்ளே போக, யூரோப்பியம் வெளியே நீரோடு தங்கிவிடுகிறது. கோட்டில் பள்ளம் விழுகிறது. அப்படி யூரோப்பியம் சேர்ந்த நீர் பிறகு மேலே ஏறிக் குளிர்ந்து, யூரோப்பியம் மூன்றாம் சுமைக்குத் திரும்பிய பின் ஃப்ளோரைட் வளர்ந்தால், அதே இடத்தில் மேடு எழும். சீரியம் இதற்கு எதிர்த்திசையில் நடப்பவர். ஆக்சிஜன் மிகுந்த நீரில் நான்காம் சுமைக்கு ஏறி, வழியிலேயே வீழ்படிந்துவிடுவார். ஃப்ளோரைட்டில் சீரியப் பள்ளம் இருந்தால், நிலப்பரப்பிலிருந்து இறங்கிய நீர் கலந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். சில ஃப்ளோரைட்டுகளைப் புற ஊதா விளக்கடியில் வைத்தால் நீலமாக ஒளிர்வதும் படிகத்துக்குள் இருக்கும் சிறிதளவு இரட்டைச் சுமை யூரோப்பியத்தின் வேலைதான். ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1852-இல் இந்த ஒளிர்தலுக்கு ஃப்ளோரசன்ஸ் என்று பெயர் வைத்தது இந்தக் கனிமத்தை வைத்துத்தான். சில பிபிஎம் அளவில் ஒட்டிவந்த ஓர் அணு, இயற்பியலுக்கே ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டது.

மாங்கனீஸ் சேர்ந்த கால்சைட் புற ஊதாவில் சிவப்பாக ஒளிர்வதும், டங்ஸ்டன் தாதுவான ஷீலைட் தூயதாக இருந்தால் நீல வெள்ளையாகவும் மாலிப்டினம் கலந்தது மஞ்சளாகவும் தெரிவதும் இதே வகைதான். டங்ஸ்டன் தேடுபவர்கள் இரவில் விளக்கோடு போவதற்கு இதுவே காரணம்.

இப்போது தங்கத்துக்கு வருவோம். 1961-இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கார்லின் அருகே ஒரு பெரிய தங்கப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே தங்கத்தைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. ஆற்று மணலில் அலசிப் பார்த்தாலும் ஒரு துகள்கூட மின்னாது. தங்கம் முழுக்கப் பைரைட்டுக்குள் அணு அணுவாகக் கரைந்திருந்தது. அதுவும் பைரைட் முழுவதிலும் இல்லை. பழைய பைரைட் மணிகளைச் சுற்றி, சில மைக்ரோமீட்டர் தடிமனில், ஆர்சனிக் மிகுந்த ஒரு மேலோடு வளர்ந்திருக்கிறது. தங்கம் அந்த மேலோட்டில். பைரைட்டில் கந்தகத்தின் இடத்தில் ஆர்சனிக் உட்காரும்போது படிகத்தின் ஒழுங்கு சற்றுக் குலைகிறது. அந்தக் குலைவுதான் தங்கத்துக்குக் கதவு திறக்கிறது. 2005-இல் மார்ட்டின் ரைக்கும் உடன் பணியாற்றியவர்களும் இதற்கு ஒரு வரம்பு போட்டுக் காட்டினார்கள். அணுக்கணக்கில் 50 ஆர்சனிக்குக்கு ஏறத்தாழ ஒரு தங்கம் வரை பைரைட் தன் கட்டமைப்பில் தாங்கும். அதற்கு மேல் போனால் தங்கம் பிரிந்து நுண்துகள்களாக நிற்கும். தொழிலுக்கு இந்தக் கோடு மிகவும் முக்கியம். துகளாக இருந்தால் அரைத்துச் சயனைடு கரைசலில் போட்டு எடுத்துவிடலாம். கட்டமைப்புக்குள் இருந்தால் எவ்வளவு அரைத்தாலும் சயனைடு அதைத் தொடாது. முதலில் வறுத்தோ அழுத்தக்கலனில் ஆக்சிஜனேற்றம் செய்தோ பைரைட்டையே உடைக்க வேண்டும். வறுத்தால் ஆர்சனிக் ஆவியாக வெளியேறும், அதைப் பிடித்து அடக்குவது தனி வேலை.

இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்? விங்க்லர் காலத்தில் கல்லை இடித்துக் கரைத்தார்கள். இடித்தால் மேலோடும் உள்ளும் ஒன்றாகிவிடும். நூறு வளையங்களின் கதை ஒரே சராசரி எண்ணாகச் சுருங்கும். 1951-இல் ரெய்மோன் காஸ்டேன் வடிவமைத்த எலக்ட்ரான் நுண்ணாய்வுக் கருவி, படிகத்தில் ஒரு புள்ளியை மட்டும் அளக்க வழி செய்தது. ஆனால் நூறு பிபிஎம்முக்குக் கீழே அது திணறும். 1985-இல் ஆலன் கிரே லேசரால் கல்லைச் சுரண்டி நிறமாலைமானிக்குள் அனுப்பும் முறையைக் காட்டிய பிறகுதான் கதவு அகலத் திறந்தது. மெருகேற்றிய கல்லில் தலைமுடியைவிடக் குறுகலான ஒரு குழியை லேசர் போடுகிறது. எழும் தூசியை வாயு சுமந்துபோகிறது. திரையில் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு கோடு ஓடத் தொடங்கும். ஸ்பேலரைட்டில் குழி ஆழமாக ஆழமாக இரும்பு, கேட்மியம், இண்டியக் கோடுகள் சமதளமாக ஓடினால் அவை படிகத்துக்குள் சீராகக் கரைந்திருக்கின்றன. செம்புக் கோடு திடீரென்று ஒரு கொம்புபோல எழும்பி இறங்கினால், லேசர் வழியில் சால்கோபைரைட் என்ற செம்புக் கனிமத்தின் துகள் ஒன்றை மோதியிருக்கிறது. ஸ்பேலரைட்டுக்குள் இப்படிப் புள்ளி புள்ளியாகச் சால்கோபைரைட் பரவுவது அடிக்கடி நடப்பதால் அதற்கு நோய் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கொம்பை வெட்டாமல் சராசரி எடுத்தால், இல்லாத செம்பைப் படிகத்துக்குள் இருப்பதாக எழுதிவிடுவோம். எண்ணைப் பார்ப்பதற்கு முன் கோட்டைப் பார்க்க வேண்டும் என்று இந்த வேலை செய்பவர்கள் பிடிவாதம் பிடிப்பது நியாயம்தான்.

இந்த அறிவால் கிடைக்கும் பலன் ஆய்வகத்தோடு நிற்பதில்லை. தொடுதிரைகளில் மின்சாரம் கடத்தும் ஒளிபுகு பூச்சு இண்டியத்தால் ஆனது. அகச்சிவப்புக் கருவிகளின் வில்லைகளிலும் ஒளியிழைகளிலும் ஜெர்மானியம் இருக்கிறது. இண்டியத்துக்கென்று தனிச் சுரங்கம் என்பது ஏறக்குறைய இல்லை. துத்தநாகம் உருக்கும்போது கூடவே கிடைப்பதுதான். அப்படியானால் எந்தச் சுரங்கத்து ஸ்பேலரைட்டில் அது எவ்வளவு இருக்கிறது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் உருக்காலைக் கசடோடு கசடாகப் போய்விடும்.

போவது இண்டியமாக இருந்தால் பண நட்டம். கேட்மியமாக இருந்தால் கதை வேறு. ஸ்பேலரைட் இருக்கும் இடத்தில் கேட்மியமும் இருக்கும் என்று முன்பு சொன்னேன். ஜப்பானின் கமியோகா துத்தநாகச் சுரங்கத்திலிருந்து கழிவுநீர் ஜின்சூ ஆற்றில் இறங்கியது. ஆற்றுநீர் தொயாமா சமவெளியின் நெல்வயல்களுக்குப் பாய்ந்தது. கேட்மியம் மண்ணிலும், மண்ணிலிருந்து நெல்லிலும் ஏறியது. அதைப் பல ஆண்டுகள் சாப்பிட்டவர்களின் சிறுநீரகம் பழுதாகி, எலும்புகள் மெலிந்து, இருமினாலே முறியும் நிலைக்குப் போயின. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நடுவயதைத் தாண்டிய, பிள்ளை பெற்ற பெண்கள். வலி தாங்காமல் அவர்கள் கத்திய சொல்லே நோயின் பெயராகிவிட்டது: இதாய் இதாய், அதாவது வலிக்குது, வலிக்குது. 1968-இல் ஜப்பான் அரசு இது கேட்மியத்தால் வந்த நோய் என்று அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது. நஞ்சேறிய வயல்களின் மேல்மண்ணைப் புதைத்துப் புதுமண் பரப்பும் வேலை 1979-இல் தொடங்கியது. அது முடிய 2012 ஆனது.